சொட்டாத கசிவு

வேறொருவர் வீட்டில் பாதி கட்டி நிறுத்திய விமானத்தை வாங்கி, மீதியை முடித்துப் பறக்கலாம் என்று நினைப்பவர்கள் எரிபொருள் குழாய்களைப் பற்றி இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். நான் இறங்கியபோது இதைச் சொல்ல யாரும் இல்லை. பல மாத உழைப்பும், எரிபொருள் அமைப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகையைப் போல இரண்டு மடங்கும் போன பிறகுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

நான் வாங்கியது இறக்கை கீழே இருக்கும் வகை. இரண்டு இறக்கைகளிலும் டேங்க், நடுவில் எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பும் செலக்டர் வால்வு, அடுத்து ஃபில்டர், மின்சார பம்ப், அதிலிருந்து இன்ஜினைக் காக்பிட்டிலிருந்து பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலைத் தாண்டி இன்ஜின். குழாய் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லித்தான் விற்றார்கள். பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அலுமினியக் குழாய்கள் பளபளவென்று இருந்தன, நீல நிற நட்டுகள் ஒழுங்காகப் பூட்டப்பட்டிருந்தன, அதற்கு மேல் தரைத் தகடு ரிவெட் அடித்து மூடியிருந்தது. ஒரு பெரிய வேலை மிச்சம் என்று நிம்மதிப்பட்டேன்.

முதல்முறை டேங்குகளில் பெட்ரோல் ஊற்றி ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஒரு சொட்டு இல்லை, வாசனை இல்லை. விமானப் பெட்ரோலான 100எல்எல்லில் நீலச் சாயம் கலந்திருக்கும். கசிந்த இடத்தில் அது காய்ந்து நீலக் கறையாக நின்றுவிடும். அதையும் டார்ச் அடித்துத் தேடினேன், எங்கும் இல்லை. சரி, அடுத்த வேலைக்குப் போகலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டு, ஃபயர்வாலுக்கு முன்னால் குழாயைக் கழற்றி, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி, தரையிணைப்புக் கொடுத்த உலோக கேன் ஒன்றில் விட்டு பம்பைப் போட்டேன். பெட்ரோல் வந்தது. கூடவே குமிழ்களும் வந்தன. ஆரம்பத்தில் குழாயில் இருந்த காற்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். கேன் பாதி நிறைந்தும் நிற்கவில்லை. சின்னச் சின்ன குமிழ்கள், விட்டுவிட்டு, வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. பம்புக்கு அப்பால் உள்ள குழாயில் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம். அங்கே இணைப்பு சரியில்லை என்றால் பெட்ரோல் வெளியே வரும், கண்ணில் படும், மூக்கில் படும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள பகுதி உறிஞ்சப்படும் பகுதி. பம்ப் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இறக்கை மேலே இருக்கும் விமானங்களில் பெட்ரோல் தன் எடையிலேயே இறங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. கீழே இறக்கை உள்ளவற்றில் சொட்டு இல்லை என்பதை வைத்துக் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவே கூடாது. தரையில் ஒழுங்காக ஓடிய இன்ஜின், டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, முழு விசையில் மேலேறும்போது விக்க ஆரம்பிக்கும். அந்த உயரத்தில் திரும்பி இறங்க இடம் இருக்காது.

அந்தக் குமிழ்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யாரோ ஒருவர் மூடி ரிவெட் அடித்துவிட்டுப் போன தகட்டுக்குக் கீழே எது இருக்கிறதென்று தெரியாமல், அதன் மேல் உட்கார்ந்து பறக்க வேண்டும் என்பதை மனசு ஏற்கவில்லை.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, பாதையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. முதலில் பம்பை மட்டும் தனியாக ஒரு கேனிலிருந்து உறிஞ்சவிட்டேன். குமிழ் இல்லை, ஆக பம்ப் குற்றவாளி இல்லை. அப்புறம் ஃபில்டரைச் சேர்த்தேன், பிறகு செலக்டர் வால்வைச் சேர்த்தேன். வலது டேங்க் பக்கம் சுத்தம். இடது பக்கம் திருப்பியதும் குமிழ் வந்தது. இப்படிச் சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் டேங்கை வடித்து, கழற்றி, திரும்பப் பூட்டி, காற்றை வெளியேற்றி ஓட்டிப் பார்க்க ஒரு முழுப் பொழுது போய்விடும். இதைச் செய்பவர்கள் தயவுசெய்து திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் ஹீட்டரையோ சுவிட்சையோ போய்ச் சேரும். விமானத்தையும் கேனையும் வயரால் இணைத்துத் தரையிணைப்புக் கொடுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரமே பொறி தட்டப் போதும்.

கடைசியில் ரிவெட்டுகளைத் துளைத்துத் தரைத் தகட்டை எடுத்தேன். இடது டேங்கிலிருந்து வரும் குழாயும் செலக்டருக்குப் போகும் குழாயும் சேரும் இணைப்பு தகட்டுக்கு நேர் கீழே இருந்தது. நட்டைக் கழற்றி, குழாயின் விரிந்த வாயை, அதாவது ஃப்ளேரை, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இணைப்புத் துண்டான ஃபிட்டிங்கின் கூம்பு படிந்த தடம், வாயின் முகம் முழுவதும் மங்கலாகப் பரவியிருக்க வேண்டும். அங்கே ஒரு மெல்லிய வளையம் மட்டும் பளபளத்தது. அந்த வளையத்திலிருந்து விளிம்பு வரைக்கும் முடி போல ஒரு விரிசல்.

காரணம் கோணம். விமான ஃபிட்டிங்குகளின் கூம்பு 37 பாகை. கார் பிரேக் குழாய்களுக்கான ஃப்ளேர் கருவி 45 பாகைக்கு விரிக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், நட்டும் முறுகிப் பூட்டிக்கொள்ளும். ஆனால் முகம் முழுவதும் உட்காராமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும். கசிகிறதே என்று இன்னும் முறுக்கினால், மென்மையான அலுமினியம் அந்தக் கோட்டில் மெலிந்து வெடிக்கும். கருவி வாங்கும்போது 37 என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஓர் இணைப்பு இப்படி என்றால் மற்றவை எப்படி இருக்கும்? அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட முடிவெடுத்தேன். பெரிய செலவு அங்கேதான் ஆனது, ஆனாலும் இந்த முடிவில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. பழைய குழாய்களை வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கதை சொன்னது. ஒரு துண்டு, இரண்டு முனையும் அசையாத ஃபிட்டிங்குகளுக்கு நடுவில் வளைவே இல்லாமல் நேராக இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. வெப்பத்தில் நீளவும் அதிர்வில் நெளியவும் அதற்கு இடமில்லை. அப்படிப்பட்ட குழாய் தன் ஃப்ளேரைத்தான் முதலில் உடைக்கும். எவ்வளவு குறுகிய தூரமானாலும் ஒரு வளைவாவது வைத்துவிட வேண்டும்.

புதிய குழாய்க்கு எடுத்தது 5052-ஓ என்ற மென்மையான அலுமினியக் கலவை, வெளிவிட்டம் 3/8 அங்குலம், சுவர் 0.035 அங்குலம். ஃபிட்டிங்கில் ஏஎன்-6 என்று சொல்வது இந்த அளவைத்தான். அந்த எண் ஓர் அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கனம் ஒரு பக்கம், அதிர்வில் அது நாளாக நாளாக இறுகி முறியும் என்பது இன்னொரு பக்கம். வெட்டுவதற்குச் சக்கரம் வைத்த குழாய் வெட்டி வேண்டும், ரம்பம் வேண்டாம். வெட்டிய பின் உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுக்க வேண்டும். பிசிறு எடுக்கும்போது முனையைக் கீழ் நோக்கிப் பிடித்தால் தூள் குழாய்க்குள் போகாது. அப்புறம் நட், அதன் பின் ஃப்ளேரைப் பின்னாலிருந்து தாங்கும் வளையமான ஸ்லீவ், இரண்டையும் மறக்காமல் குழாயில் ஏற்றிவிட்டுத்தான் ஃப்ளேர் போட வேண்டும். கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய், நிதானமான சுற்று. விரிந்த வாய் ஸ்லீவின் உள்விளிம்பைத் தாண்டித் தெரிய வேண்டும், ஆனால் ஸ்லீவின் வெளிவிட்டத்தைத் தாண்டி நட்டின் மரையைத் தொடக்கூடாது. கழிவுத் துண்டுகளில் நிறையப் போட்டுப் பழகிய பிறகே நல்ல குழாயில் கை வைத்தேன். குழாய் சுருளில் கணிசமான பகுதி பயிற்சியிலேயே போனது. அந்தச் செலவுக்குச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

முறுக்குவதற்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கட்டாயம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேட்டில் இந்த அளவு அலுமினியக் குழாய்க்கு 75 முதல் 125 அங்குல-பவுண்டு என்று போட்டிருக்கிறது. அனுபவமில்லாத கைக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும், இன்னும் கொஞ்சம் திருகு என்று கை கேட்கும். கேட்டாலும் அந்த அளவோடு நிறுத்துங்கள். பூட்டிய பிறகு கசிந்தால் மேலும் முறுக்க வேண்டாம், கழற்றிப் பாருங்கள். தூசியா, விரிசலா, கோணலா என்று அதுவே காட்டிவிடும். ஒவ்வொரு நட்டையும் முறுக்கியதும் நட்டிலிருந்து ஃபிட்டிங் வரை ஒரு கோடு சிவப்புப் பெயிண்ட் இழுத்துவிட்டேன். பின்னாளில் அது நகர்ந்திருந்தால் ஒரே பார்வையில் தெரியும்.

வளைப்பதற்கும் அதே கையேடு உதவியது. வளைவில் குழாய் நசுங்கி, மூல விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். குழாயைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கிளாம்புகளுக்கு நடுவில் 16.5 அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. கிளாம்ப் ரப்பர் மெத்தை வைத்ததாக இருக்க வேண்டும். வெறும் உலோகம் அதிர்வில் குழாயை அறுத்துவிடும். மின்வயர்களும் பெட்ரோல் குழாயும் பக்கத்தில் போக நேர்ந்தால் வயர் மேலே, குழாய் கீழே. சொட்டினால் வயர் மேல் சொட்டக்கூடாது. பாதை முழுவதும் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் வைத்தேன். நடுவில் மேடு இருந்தால் அங்கே ஆவி தங்கும், பள்ளம் இருந்தால் தண்ணீர் தங்கும். தவிர்க்க முடியாத பள்ளத்தில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். பம்பை எவ்வளவு தாழ்வாகவும் டேங்குக்கு எவ்வளவு பக்கத்திலும் வைக்க முடியுமோ அப்படி வையுங்கள். உறிஞ்சும் தூரமும் முழங்கை ஃபிட்டிங்குகளும் குறையக் குறைய, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பாதையை அடைக்கும் ஆபத்தும் குறையும்.

பழைய அமைப்பில் இன்னொன்று கண்டேன். ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே வெள்ளை இழைகள் சுருண்டு கிடந்தன. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப். மரை பூட்டும்போது விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை அறுந்து உள்ளே போய்விடும். அது ஃபில்டரில் சிக்கினால் அதிர்ஷ்டம், கார்ப்புரேட்டருக்குள் ஊசி உட்காரும் இடத்தில் சிக்கினால் இன்ஜின் நிற்கும். எரிபொருள் அமைப்பில் டேப்புக்கு இடமே இல்லை. குறுகிக்கொண்டே போகும் பைப் மரைகளில் மட்டும் பெட்ரோலில் கரையாத பசை, அதுவும் முதல் ஓரிரு மரையை விட்டுவிட்டுத் தடவ வேண்டும். ஃப்ளேர் முகத்தில் எதையும் தடவக்கூடாது. அங்கே உலோகமும் உலோகமும் நேராகச் சேர்ந்தால்தான் அடைக்கும். பைப் மரை முழங்கையை வேண்டிய திசைக்குத் திருப்பக் கொஞ்சம் பின்னால் அவிழ்ப்பதும் கூடாது. தாண்டிவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து முதலிலிருந்து பூட்டுங்கள்.

ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் அலுமினிய ஃபிட்டிங் போட்டிருந்தார்கள். அதை எஃகுக்கு மாற்றினேன். தீ பிடித்தால் அலுமினியம் உருகிவிடும், அப்புறம் பெட்ரோல் நேராகத் தீக்குள் கொட்டும். இன்ஜின் பக்கம் அலுமினியக் குழாய் கிடையாது, தீக்காப்பு உறை போட்ட வளையும் ஹோஸ்தான். இன்ஜின் ஆடும், ஃபயர்வால் ஆடாது.

செலக்டர் வால்வை எங்கே வைப்பது என்பதில் என் கருத்து ரொம்பக் கடுமையானது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று, வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஇசட் வகை விமானத்தில் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் அருகே கடலில் விழுந்து இறந்தார். வரைபடப்படி செலக்டர் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவில் இருக்க வேண்டியது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார், அடையாளமும் எழுதவில்லை. அதைத் திருப்ப உடம்பை முறுக்கியபோது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் மிதியை அறியாமல் மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதுதான் அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் முடிவு. காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த மாற்றம் அது. என் விமானத்திலும் கைப்பிடி குனிந்தால் மட்டுமே எட்டும் இடத்தில் இருந்தது. பெல்ட்டை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடி, கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. இடத்தை மாற்றி, இடது, வலது, மூடு என்று பெரிய எழுத்தில் எழுதினேன். குழாயை மறுபடி வளைக்க வேண்டியிருந்தது, அதற்காக வருத்தமில்லை.

சோதனையை மூன்று கட்டமாகச் செய்தேன். டேங்கிலிருந்து பிரித்த குழாய்களைத் தனியாகக் காற்றழுத்தத்தில் வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். டேங்குகளுக்கு அந்த அழுத்தம் ஆகாது, வெடித்துவிடும். ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு), அதாவது சுமார் 70 சென்டிமீட்டர் நீர் உயரம், அதற்கு மேல் வேண்டாம். கம்ப்ரசரை நேராக மாட்டவே கூடாது. தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு உயரத்தைப் பார்த்தபடி வாயால் ஊதியதே போதுமானதாக இருந்தது. வெயில் ஏறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நீர் உயரும், மாலையில் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துக் கலங்க வேண்டாம், அதே வெப்பநிலை வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பாயும் அளவு. பம்ப் வைத்த அமைப்பு இன்ஜின் முழு விசையில் குடிப்பதில் 125 சதவீதமாவது தர வேண்டும், தன் எடையில் இறங்கும் அமைப்பு 150 சதவீதம் தர வேண்டும் என்பது, 2017-ல் மாற்றி எழுதப்படும் வரை, சான்றளிக்கப்பட்ட சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதியாக இருந்தது. வீட்டில் கட்டுவதற்கு இது கட்டாயமில்லை என்றாலும் இதற்குக் கீழே போய் நான் பறக்க மாட்டேன். இன்ஜின் மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் என்றால் பம்ப் 50 லிட்டராவது தள்ள வேண்டும். மூக்கை மேலேறும் கோணத்துக்கு உயர்த்தி, டேங்கில் அடிமட்டப் பெட்ரோல் மட்டும் வைத்து, ஒவ்வொரு டேங்காக அளக்க வேண்டும். நிறைந்த டேங்கில் சமதரையில் அளப்பது எதையும் நிரூபிக்காது. அளவு குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே கூடினால் டேங்குக்குள் காற்று நுழையும் துளை அடைபட்டிருக்கிறது. பூச்சி கூடு கட்டவும் அந்தச் சின்னத் துளையே பிடிக்கும், அதனால் வெளிமுனையில் நுண்வலை வைத்தேன். இதே வேலையில் டேங்கை ஐந்தைந்து லிட்டராக நிரப்பி அளவுமானியில் குறியும் போட்டுவிட்டேன்.

இப்படி அளந்த அன்று அந்தக் கண்ணாடி போன்ற ஹோஸில் இரண்டு டேங்கிலிருந்தும் பெட்ரோல் வந்தது, ஒரு குமிழ் இல்லாமல். ஹோஸ் கண்ணில் தெரியாத அளவுக்குத் தெளிந்த நீலம். பம்பை நிறுத்த மனம் வராமல் கேன் நிறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

தரைத் தகட்டை இப்போது ரிவெட் அடிக்கவில்லை. திருகாணி போட்டுக் கழற்றும் விதத்தில் வைத்திருக்கிறேன், எல்லா இணைப்பும் அதன் கீழே கைக்கு எட்டும். முதல் இன்ஜின் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறையும், முதல் சில மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு ஒருமுறையும் அதைக் கழற்றி சிவப்புக் கோடுகளையும் நீலக் கறையையும் பார்க்கிறேன். ஃபில்டரையும் அப்போதே திறக்கிறேன். கட்டும்போது டேங்கில் விழுந்த தூளும் பசைத் துணுக்கும் முதல் சில மணி நேரத்தில்தான் அசைந்து வந்து சேரும்.